கெய்ன்ஸ்வில்லைச் சுற்றி: பக்கத்துக் கவுண்டிகளும் சின்ன ஊர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு புதுக் கூட்டம் கெய்ன்ஸ்வில்லில் வந்து இறங்குகிறது. இரண்டு வருஷம் கழித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர்களுக்கு ஆர்ச்சர் ரோட்டில் எந்தக் கடை எங்கே என்பது மனப்பாடம். ஆனால் அந்த ரோட்டிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆர்ச்சர் என்று ஓர் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. நியூபெரி ரோடு, வால்டோ ரோடு, ஹாதோர்ன் ரோடு, வில்லிஸ்டன் ரோடு எல்லாம் அப்படித்தான். நம்மூரில் மதுரை ரோடு என்றால் அது மதுரைக்குப் போகும். இங்கேயும் அதே கணக்குதான்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். பதினெட்டு வருஷமாகப் புது மாணவர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆனால் அளவில் சின்னது. தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஃப்ளோரிடாவில் 67 கவுண்டிகள். கலெக்டர் கிடையாது. ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸின் தலைவர்), வரி வசூல் அதிகாரி, தேர்தல் அதிகாரி எல்லாரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் ஓட்டுனர் உரிமம் எடுக்கப் போவதே கவுண்டியின் வரி வசூல் அலுவலகத்துக்குத்தான். புதிதாக வந்தவர்கள் "வரி ஆபீஸுக்கு ஏன் போகச் சொல்கிறார்கள்?" என்று திகைப்பது வழக்கம்.

நாம் இருப்பது அலாச்சுவா கவுண்டி. 1824-ல் உருவானது. 2020 கணக்கெடுப்பில் 2,78,468 பேர். அதில் பாதிக்கு மேல் கெய்ன்ஸ்வில் நகரத்துக்குள். நகரத்தையும் சேர்த்து இந்தக் கவுண்டியில் ஒன்பது ஊர்கள் நகராட்சியாக இருக்கின்றன: கெய்ன்ஸ்வில், அலாச்சுவா, ஆர்ச்சர், ஹாதோர்ன், ஹை ஸ்பிரிங்ஸ், லா க்ராஸ், மிக்கனோபி, நியூபெரி, வால்டோ. இவற்றின் எல்லைக்கு வெளியே உள்ள இடமெல்லாம் நேரடியாகக் கவுண்டியின் பொறுப்பு. கெய்ன்ஸ்வில் என்று முகவரி போட்டிருக்கும் வீடுகளில் பல உண்மையில் நகர எல்லைக்குள் இல்லை. அங்கே வருவது நகரப் போலீஸ் கிடையாது, ஷெரிஃபின் ஆட்கள். வீடு பார்க்கும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி என்னென்ன கவுண்டிகள் இருக்கின்றன?

தெற்கே மேரியன் (தலைநகர் ஓக்காலா), தென்மேற்கே லீவி (ப்ரான்சன்), மேற்கே கில்கிறிஸ்ட் (ட்ரென்டன்), வடமேற்கே கொலம்பியா (லேக் சிட்டி), வடக்கே யூனியன் (லேக் பட்லர்), வடகிழக்கே பிராட்ஃபர்ட் (ஸ்டார்க்), கிழக்கே புட்னம் (பலாட்கா). கில்கிறிஸ்ட் நம் அலாச்சுவாவிலிருந்து 1925-ல் பிரிந்த பிள்ளை. மாநிலத்தில் கடைசியாகப் பிறந்த கவுண்டி அதுதான். யூனியன் பரப்பளவில் மாநிலத்திலேயே சின்னது. மெல்ரோஸ் என்று ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அலாச்சுவா, பிராட்ஃபர்ட், கிளே, புட்னம் என்று நான்கு கவுண்டிகள் அங்கே கூடுகின்றன. தெரு தாண்டினால் வேறு ஷெரிஃப்!

இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் ஏன் இந்தக் காட்டுக்குள் வந்தது?

இதற்குப் பதில் தண்ணீர். இந்தப் பக்கத்தில் எதைக் கேட்டாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும்.

முன்பு இந்தக் கவுண்டியின் தலைநகர் நியூனன்ஸ்வில் என்ற ஊர். ரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் போகப்போகிறது என்று தெரிந்ததும், 1853-ல் மக்கள் போல்வேர் ஊற்றின் கரையில் கூடி, பாதையை ஒட்டிப் புதிதாக ஒரு தலைநகர் கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அதுதான் கெய்ன்ஸ்வில். நியூனன்ஸ்வில் தேய்ந்து மறைந்துபோய், இன்று அலாச்சுவா ஊருக்குப் பக்கத்தில் அதன் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது.

அப்புறம் 1905-ல் மாநிலம் தன் கல்லூரிகளையெல்லாம் ஒன்றாக்கியபோது, புதுப் பல்கலைக்கழகம் யாருக்கு என்று கெய்ன்ஸ்வில்லுக்கும் லேக் சிட்டிக்கும் போட்டி. பழைய கல்லூரி லேக் சிட்டியில்தான் இருந்தது. கெய்ன்ஸ்வில் பல்கலைக்கழகத்துக்குத் தண்ணீர் இலவசம் என்று சொன்னது. 1906-ல் வகுப்புகள் இங்கே தொடங்கின. அந்தத் தண்ணீர் வந்ததும் போல்வேர் ஊற்றிலிருந்துதான். பழைய செங்கல் பம்ப் வீடு இன்னும் அங்கே நிற்கிறது. வளாகத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். ஊர் பிறந்த இடம் அது, தயவுசெய்து ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.

என்னிடம் கார் இல்லை. என்ன செய்வது?

நகரப் பேருந்தில் மாணவர் அட்டையைக் காட்டினால் காசு கிடையாது, ஆனால் அது பெரும்பாலும் நகரத்தோடு சரி. சின்ன ஊர்களுக்குப் போகக் கார் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பதுதான் எல்லாரும் செய்வது. 25 வயதுக்குக் கீழே இருந்தால் வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் போடும், அதனால் உங்கள் கூட்டத்தில் மூத்தவர் பெயரில் எடுங்கள்.

காருக்குக் காத்திருக்க வேண்டாத ஒரு வழியும் உண்டு. போல்வேர் ஊற்றுப் பக்கத்திலிருந்து ஹாதோர்ன் வரை 16 மைல், பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஓக் மரங்களில் தாடி மாதிரிப் பாசி தொங்கும் நிழலிலேயே பெரும்பாலான தூரம் போகலாம். விடிகாலையில் கிளம்பி ஹாதோர்னில் சாப்பிட்டுத் திரும்பினால் மதியத்துக்குள் வீடு. இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.

கார் கிடைத்துவிட்டது. முதல் பயணம் எங்கே?

தெற்கே, 441 சாலையில். முதலில் பெய்ன்ஸ் ப்ரெய்ரி.

நகர எல்லை முடிந்த கையோடு திடீரென்று மரங்கள் விலகி, கண்ணுக்கு எட்டின மட்டும் புல்வெளி விரியும். 21,000 ஏக்கருக்கும் மேல். ஸ்பானியர் காலத்தில் இங்கே பெரிய மாட்டுப் பண்ணை இருந்தது, பெயர் லா சுவா. 'சுவா' என்றால் இந்த மண்ணின் டிமுகுவா மக்களுடைய மொழியில் நிலத்தில் விழுந்த குழி என்று சொல்வார்கள். அந்தப் பெயர்தான் அலாச்சுவா ஆயிற்று. புல்வெளியின் வடக்கு ஓரத்தில் அந்தக் குழி இன்றும் இருக்கிறது. சமவெளித் தண்ணீர் அதன் வழியாகத்தான் பூமிக்குள் இறங்குகிறது. 1870-களில் அந்த வாய் அடைத்துக்கொண்டு, புல்வெளி முழுவதும் ஏரியாகி, நீராவிப் படகு ஓடும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இருபது வருஷம் போல இருந்துவிட்டு, வாய் திறந்ததும் ஏரி வடிந்துபோய்ப் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. 2017-ல் இர்மா புயலுக்குப் பிறகும் இங்கே தண்ணீர் பெருகி நடைபாதை மூழ்கிக் கிடந்தது.

லா சுவா நடைபாதையில் போய்வர மூன்று மைல். கால்வாய்க் கரையில் முதலைகள் வரிசையாக வெயில் காயும். 1975-ல் கொண்டுவந்து விட்ட காட்டெருமைகளின் வம்சம் இருக்கிறது, காட்டுக் குதிரைகளும் இருக்கின்றன. நான் முதல் தடவை போன அன்று ஒரு காட்டெருமை பாதையின் நடுவே நின்றுகொண்டு நகர மறுத்தது. மூக்கிலிருந்து ஆவி போவதும், காதோரம் ஒட்டியிருந்த ஓட்டுப்புல்லும் தெரிகிற தூரம். அவ்வளவு பக்கத்தில் போயிருக்கவே கூடாது. நாங்கள் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, அது புல்லுக்குள் இறங்கும் வரை இருபது நிமிஷம் காத்திருந்தோம்.

அங்கிருந்து அப்படியே மிக்கனோபி. 1821-ல் வணிகச் சாவடியாக ஆரம்பித்த ஊர், செமினோல் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் ஒருவருடைய பெயர். மக்கள் தொகை ஆயிரம்கூட இல்லை. ஒரே ஒரு கடைத்தெரு, இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள், மேலே கூரை போட்டது மாதிரி ஓக் மரங்கள். கடைக்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், அவசரப்படாமல் நின்று பேசுங்கள். நேரம் மிச்சமிருந்தால் கிழக்கே கிராஸ் க்ரீக் போகலாம். புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர் மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1928-ல் குடிவந்த மர வீடு, முற்றத்து ஆரஞ்சு மரங்களோடு மாநிலப் பூங்காவாக இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க ஆரஞ்சுத் தோப்புதான். 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் விழுந்த உறைபனியில் மரங்கள் பட்டுப்போய், ஆரஞ்சு விவசாயம் தெற்கே போய்விட்டது.

எல்லாரும் 'ஸ்பிரிங்ஸ்' என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

உங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை, உள்ளே முழுக்கக் குகையும் துளையும். மழை அதற்குள் இறங்கி, வடிகட்டி, எங்கெங்கோ ஊற்றாகப் பொங்குகிறது. ஃப்ளோரிடாவில் இப்படி ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதில் நல்ல ஊற்றுகள் பல நம்மைச் சுற்றியே இருக்கின்றன. வருஷம் முழுவதும் தண்ணீரின் வெப்பம் 22 டிகிரி. ஜூலையில் இறங்கினால் பல் கிடுகிடுக்கும், ஜனவரியில் இறங்கினால் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஹை ஸ்பிரிங்ஸ் இதற்கு வாசல். ரயில்வேக்காரர்கள் வளர்த்த ஊர். ரயில் போனபின் இப்போது குகை நீச்சல்காரர்களும் படகுக்காரர்களும் வந்து போகிறார்கள். பக்கத்தில் ஓலீனோ பூங்காவில் சான்டா ஃபே ஆறு ஒரு சுழலுக்குள் இறங்கி மறைந்துவிடும். மூன்று மைல் தள்ளி, ஒன்றும் நடக்காதது போல மறுபடி மேலே வரும். நடுவில் நீங்கள் நிற்கும் காட்டுக்கு அடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூரில் அந்தர்வாகினி என்று கதையாகக் கேட்டதை இங்கே காலால் நடந்து பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது ஃபோர்ட் வைட் பக்கத்தில் உள்ள இச்செடக்னி. முழு ஆறே ஆறு மைல்தான், முழுவதும் ஊற்றுத் தண்ணீர். ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து வரவேண்டியதுதான், துடுப்புப் போட வேண்டியதில்லை. இருபதடி ஆழத்திலும் அடியில் கிடக்கும் கிளிஞ்சலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம் போலத் தெரியும். பச்சை நாடா மாதிரி நீளப் புல் ஓட்டத்தோடு அசையும், அதற்குள் மீன்கள் ஒதுங்கி நிற்கும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள் எதையும் ஆற்றுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், நல்ல சட்டம். கோடையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் நிரம்பினால் வாசலை மூடிவிடுவார்கள். கூட்டமும் பாட்டும் இல்லாமல் குடும்பமாகக் குளிக்க கில்கிறிஸ்ட் ப்ளூ ஸ்பிரிங்ஸ் நல்லது. குளிர்காலத்தில் கடல்பசு பார்க்க லீவி கவுண்டியில் மானட்டீ ஸ்பிரிங்ஸ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலாச்சுவா ஊர்ப்பக்கம் ஒரு குழியில் சாயம் கலந்து விட்டுப் பார்த்தார்கள். அது ஹை ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஊற்றில் வந்து நின்றது. அதாவது நம் தெருவில் கொட்டுவது, புல்தரைக்குப் போடும் உரம், கழிவுத் தொட்டியில் கசிவது எல்லாம் அந்த ஊற்றுக்கே போகிறது. பல ஊற்றுகளில் நைட்ரேட் ஏறிப் பாசி படர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் என் கண் முன்னால் மங்கிய ஊற்றுகள் உண்டு, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குளிக்கப் போகும்போது சோப்பும் ஷாம்பும் எடுத்துப் போகாதீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

போகலாம், உயிர்காப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, கரையோரமாக. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஆழம் தெரியாது; இடுப்பளவு என்று நினைத்துக் கால் வைத்தால் இருபதடி இருக்கும். ஊற்றுக் கண்ணுக்குள் எட்டிப்பார்க்கக்கூட முயலாதீர்கள். பயிற்சி பெற்றவர்களே குகைக்குள் வழி தவறி இறந்திருக்கிறார்கள், வாசலில் எச்சரிக்கைப் பலகை நட்டு வைத்திருப்பது அதனால்தான். கிணறும் வாய்க்காலும் இல்லாமல் வளர்ந்த தலைமுறை நம் பிள்ளைகள். வளாகத்து நீச்சல் குளத்தில் முதல் செமஸ்டரிலேயே கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலை?

இருக்கும். நல்ல தண்ணீர் எங்கே தேங்கினாலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனி போடக்கூடாது, சட்டப்படியே குற்றம். பொழுது சாய்ந்தபின் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

சின்ன ஊர்களில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்? பயமில்லையா?

என் அனுபவத்தில் மரியாதையாகத்தான் நடத்துவார்கள். கடைக்குள் நுழைந்தால் முகம் பார்த்து நலம் கேட்பார்கள், நீங்களும் பதிலுக்குக் கேளுங்கள். பெரியவர்களிடம் 'சார்', 'மேம்' போட்டுப் பேசுவது இங்கே சாதாரணம். நமக்கு அது பள்ளிக்கூடத்திலேயே பழகிய பழக்கம்தானே. அடுத்தவர் நிலத்துக்குள் வேலி தாண்டி நுழையாதீர்கள், ஒரு போட்டோவுக்காகக்கூட வேண்டாம்.

ஆனால் இந்த மண்ணின் பழைய கதை தெரியாமல் இங்கே சுற்றக்கூடாது என்பது என் எண்ணம். 1916-ல் நியூபெரியில் கறுப்பின மக்கள் ஆறு பேரை வெள்ளையர் கூட்டம் சேர்ந்து கொன்றது. 1923 ஜனவரியில் லீவி கவுண்டியில் ரோஸ்வுட் என்ற கறுப்பினத்தவர் ஊரையே எரித்தார்கள். தப்பியவர்கள் சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்து வெளியேறினார்கள், யாரும் திரும்பி வரவில்லை. அப்புறம் ஏறக்குறைய அறுபது வருஷம் அதைப் பற்றி வெளியில் பேச்சே இல்லை. 1994-ல்தான் உயிரோடு மிஞ்சியவர்களுக்கும் வாரிசுகளுக்கும் மாநிலம் சட்டம் போட்டு நஷ்டஈடு கொடுத்தது. இன்று சீடர் கீ போகும் சாலையோரம் ஒரு பலகை இருக்கிறது. நான் புது மாணவர்களைக் கூட்டிப்போகும்போது அங்கே வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கி, அதை முழுதாகப் படித்த பிறகுதான் கிளம்புவோம்.

வழியில் சாப்பாடு கிடைக்குமா? நான் சைவம்.

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். சின்ன ஊர் உணவகங்களில் தட்டைப்பயறும் கீரையும் கிடைக்கும். ஆனால் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பதுதான் அவர்கள் வழக்கம், கேட்காமல் வாங்காதீர்கள். வெண்டைக்காயை மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். கிரிட்ஸ் என்பது மக்காச்சோளக் குருணைக் கஞ்சி, நம் ரவைக் கஞ்சிக்குச் சொந்தக்காரன்.

உங்களுக்காகவே காத்திருப்பது அவித்த வேர்க்கடலை. சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, கையால் எழுதிய பலகை, கேஸ் அடுப்பில் பெரிய அண்டா. பச்சைக் கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, துளை போட்ட கரண்டியால் அள்ளித் தருவார்கள். தோலை அழுத்தினால் உப்புச் சாறு முதலில் நாக்கில் படும், அப்புறம் கடலை மாவு மாதிரிக் கரையும். நம்மூரில் அவிப்பதைவிட நன்றாகக் குழைந்திருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் கடலை பறித்த நாளில் களத்துமேட்டிலேயே அவித்துத் தின்ற ருசி எனக்கு அந்த முதல் கையளவில் திரும்பி வந்தது. லீவி கவுண்டி கடலை மண். வில்லிஸ்டனில் அக்டோபரில் கடலைத் திருவிழாவே நடக்கிறது. நியூபெரியில் கோடையில் தர்ப்பூசணித் திருவிழா. ஸ்டார்க் பக்கம் வசந்தத்தில் ஸ்ட்ராபெரி.

அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். எங்கே கூட்டிப்போகலாம்?

அலாச்சுவா ஊருக்கு வெளியே ஹரே கிருஷ்ணா சமூகத்தார் 1977-லிருந்து பண்ணை வைத்துக் குடியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் அவர்களுடைய பெரிய குடியிருப்புகளில் ஒன்று. நியூ ராமன் ரேத்தி என்று பெயர். கோயில், மாடுகள், வயல். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடும் உண்டு. வளாகத்தில் மதியம் கிடைக்கும் கிருஷ்ணா சாப்பாடும் அவர்கள் கைங்கர்யம்தான். என் அம்மா வந்திருந்தபோது மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தவள், அங்கே மாட்டுத் தொழுவத்தைப் பார்த்ததும் ஒரு மணி நேரம் பேசினாள்.

அதே ஊரில் மில் க்ரீக் பண்ணை இருக்கிறது. உழைத்து ஓய்ந்த குதிரைகளையும், கொடுமையிலிருந்து மீட்ட குதிரைகளையும் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இரண்டு கேரட், அதையும் குதிரைக்கே கொடுத்துவிடலாம். சனிக்கிழமைதான் திறப்பார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு ஓக்காலா பக்கத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் வசதி. கண்ணாடி அடிப் படகில் உட்கார்ந்தே ஊற்றைப் பார்க்கலாம், 1870-களிலிருந்து ஓடுகிறது. கரை மரங்களில் குரங்கு தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வட இந்தியாவில் உள்ள அதே ரீசஸ் குரங்குதான், 1930-களில் படகு முதலாளி ஒருவர் வேடிக்கைக்காக விட்டது பெருகிவிட்டது. ஹெர்பிஸ் பி கிருமி இருப்பதால் பக்கத்தில் போகக்கூடாது. போகும் வழியெல்லாம் குதிரைப் பண்ணைகள். சுண்ணாம்பு மண்ணில் விளையும் புல் குதிரை எலும்புக்கு நல்லது என்பார்கள். 1956-ல் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை ஜெயித்த நீடில்ஸ் இங்கே வளர்ந்த குதிரை.

வண்டி ஓட்டும்போது எதில் கவனம்?

ஊர் நெருங்கும்போது வேக வரம்பு மளமளவென்று இறங்கும். 301 சாலையில் வால்டோவும் லாட்டியும் இதற்குப் பேர் போனவை. வாகன ஓட்டிகள் சங்கமே எச்சரிக்கைப் பலகை வைத்திருந்த காலம் உண்டு. வால்டோவின் போலீஸ் துறை 2014-ல் கலைக்கப்பட்டுவிட்டது, இருந்தாலும் பலகையில் போட்ட வேகத்தில் போங்கள். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குப் போட்டால் எதிர்ப்பக்கத்து வண்டியும் நிற்க வேண்டும். இருட்டியதும் மான் குறுக்கே வரும். ஸ்டார்க், ரேஃபோர்ட் பக்கம் மாநிலத்தின் பெரிய சிறைகள் இருக்கின்றன, அங்கே வழியில் யாருக்கும் லிஃப்ட் கொடுக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில் பலாட்காவின் ரவீன் தோட்டத்தில் அசேலியா பூக்கும். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு மழை தவறாது, காலையிலேயே போய்வந்துவிடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் சனிக்கிழமை ஊரை விட்டு வெளியே போக நல்ல நாள். ஆனால் ஆட்டம் முடியும் நேரத்தில் திரும்பாதீர்கள்.

குடும்பத்தோடு சின்ன ஊரில் குடியிருக்கலாமா?

தாராளமாக. நியூபெரி, அலாச்சுவா, ஹை ஸ்பிரிங்ஸ் மூன்றிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்குகிறார்கள். ஃப்ளோரிடாவில் பள்ளி நிர்வாகம் கவுண்டி அளவில் என்பதால், அலாச்சுவா கவுண்டிக்குள் எங்கே இருந்தாலும் ஒரே நிர்வாகம். நூலக அட்டையும் ஒன்றுதான், சின்ன ஊர்களிலும் கிளைகள் இருக்கின்றன. கவுண்டி எல்லை தாண்டினால் பள்ளியும் வரியும் மாறும்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

24-ம் எண் சாலையைப் பாருங்கள். நீங்கள் தினமும் போகும் வால்டோ ரோடும் ஆர்ச்சர் ரோடும் இந்த ஒரே சாலையின் இரண்டு துண்டுகள்தான். டேவிட் யூலி என்பவர் அட்லாண்டிக் கரையிலிருந்து வளைகுடாக் கரைக்குப் போட்டு 1861-ல் முடித்த ரயில் பாதையை ஒட்டியே இது போகிறது. ரயில் போய் ரொம்ப காலமாகிவிட்டது. ஊர்கள் மட்டும் நிலையங்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன.

காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். ஆர்ச்சரில் ஒரு காபி. ராக் அண்ட் ரோல் பாட்டுக்கு அஸ்திவாரம் போட்ட போ டிட்லி கடைசிக் காலத்தில் வாழ்ந்து 2008-ல் இறந்தது இந்த ஊரில்தான். அடுத்து ப்ரான்சன், பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், இதற்கப்புறம் பைன் காடுதான். ஆட்டர் க்ரீக் தாண்டி ரோஸ்வுட் பலகை. பிறகு மரங்கள் குட்டையாகி, உப்பு வாசனை வந்து, பாலங்கள் ஒவ்வொன்றாக வரும். சாலை முடியும் இடம் சீடர் கீ.

ஒரு காலத்தில் பென்சிலுக்கு மரம் அறுத்த ஊர். மரம் தீர்ந்துவந்த வேளையில் 1896 புயல் ஆலைகளை அடித்துக்கொண்டு போயிற்று. மீன் பிடித்துப் பிழைத்தார்கள். 1995-ல் வலைத் தடை வந்ததும் மீனவர்கள் புதிதாகப் பயிற்சி எடுத்துச் சிப்பி வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட்டில் இடாலியா, 2024 ஆகஸ்ட்டில் டெபி, செப்டம்பரில் ஹெலீன் என்று பதின்மூன்று மாதத்தில் மூன்று புயல். ஹெலீனுக்குப் பிறகு நான் போனபோது ஒரு கடையின் சுவரில் தண்ணீர் ஏறிய கோடு என் தலைக்கு மேலே இருந்தது. கடைக்காரம்மா அதற்குக் கீழே மேசை போட்டு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போனால் ஒரு வேளையாவது அந்த ஊர்க் கடையில் சாப்பிடுங்கள், ஏதாவது ஒன்று வாங்குங்கள்.

மாலையில் மேற்குக் கரையில் உட்காருங்கள். நம் மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே கடலுக்குள் இறங்கும். இறங்கி முடிந்ததும் கொசு வந்துவிடும். திரும்பும்போது மெதுவாக ஓட்டுங்கள், ஆட்டர் க்ரீக் வரை மான் அதிகம்.